டிரில் பீரியடும் கம்புக் களமும்

போன ஆடிக் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகளிடம் சும்மா கேட்டேன். "பி.டி. பீரியட்ல என்ன சொல்லித் தர்றாங்க?"

"அந்தப் பீரியட கணக்கு சார் வாங்கிட்டாரு மாமா. ஆனா ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் உண்டு. டிரெஸ்ஸுக்கு வாடகை கொடுக்கணும்."

விளையாட்டு பீரியட் கணக்குக்குப் போய்விட்டது. கோலாட்டம் ஆண்டு விழாவுக்குப் போய்விட்டது. உடம்பு அசைகிற ஒரு விஷயம் உடற்கல்வி வகுப்பில் இல்லாமல் மேடையில் மட்டும் ஏன் இருக்கிறது? இது எப்போது முடிவானது, யார் முடிவு செய்தார்கள்? ரெண்டு மாசமாக ராத்திரி வேலை முடிந்த பிறகு தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வரலாற்று மாணவன் இல்லை, கம்ப்யூட்டர்காரன். தவறு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

ரெண்டு மைதானம்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியம் என்பது அதில்தான் இருக்கிறது.

சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். 1992-ல் நான் ஏழாம் வகுப்பு. பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் போய்ப் படித்தேன். எங்கள் ஊரிலிருந்து இன்னொரு பையனும் அதே வகுப்புக்கு வந்தான். வேறு தெரு. பஸ்ஸில் ஒரே சீட், வகுப்பில் ஒரே பெஞ்சு.

குடியரசு தினத்துக்கு வ.உ.சி. மைதானத்தில் மாஸ் டிரில் உண்டு. டிசம்பரிலேயே பயிற்சி தொடங்கிவிடும். வெள்ளைச் சட்டை, வெள்ளை டவுசர், கேன்வாஸ் ஷூ. டிரில் வாத்தியார் விசில் ஊதுவார். ஒரு விசிலுக்குக் கை மேலே, அடுத்த விசிலுக்குப் பக்கவாட்டில், அடுத்ததற்குக் குனியணும். நானும் அவனும் உயரத்தில் ஒன்று என்பதால் பக்கத்துப் பக்கத்து வரிசை. முன்னால் நிற்பவன் முதுகைத் தவிர வேறு யாரையும் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால் அடி விழும்.

சாயங்காலம் ஊரில் இன்னொரு மைதானம். கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு களம். அங்கே ஒரு வாத்தியார் எங்கள் தெருப் பையன்களுக்குக் கம்பு சொல்லிக் கொடுத்தார். முதல் ஒரு மாசம் கம்பே தரமாட்டார். வெறும் காலடிதான். மண்ணில் கோடு போட்டு, எந்தக் கால் எங்கே, உடம்பு எந்தப் பக்கம் திரும்பணும் என்று அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். அப்புறம்தான் அவரவர் புருவ உயரத்துக்கு ஒரு கம்பு கையில் வரும்.

என் நண்பன் வரப்பில் நின்று பார்ப்பான். களத்துக்குள் வரமாட்டான். வரக்கூடாது என்று அவனிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மறுநாள் பள்ளியில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வேலிக்கம்பை எடுத்து நான் கற்ற நாலு காலடியையும் போட்டுக் காட்டுவான். என்னைவிடச் சுத்தமாக இருக்கும்.

பள்ளி மைதானத்தில் ரெண்டு பேரும் நிற்கலாம், ஆனால் அங்கே கம்பு கிடையாது. கம்பு இருக்கிற களத்தில் ரெண்டு பேரும் நிற்க முடியாது. இது ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் மேலே சொன்ன கேள்விகளின் இன்னொரு பக்கம்.

1801: கம்பு தெருவுக்கு வந்தது

"வெள்ளைக்காரன் சிலம்பத்தைத் தடை செய்தான்" என்று வாட்ஸப்பில் அடிக்கடி வரும். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். 1801-ல் ரெண்டாவது பாளையக்காரர் போர். அதுவும் முடிந்த பிறகு அந்த ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதைப் பற்றி வாசிக்கலாம். கோட்டைகளை இடிக்கணும், ஆயுதங்களை ஒப்படைக்கணும் என்பது அதன் சாரம். அவர்கள் பயந்தது துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும். மூங்கில் கம்பு ஆடு மேய்ப்பவர் கையிலும் வயலுக்குப் போகிறவர் கையிலும் இருக்கிற சாமான். அதை எங்கே போய்ப் பறிமுதல் செய்ய?

போனது கம்பு இல்லை, கம்புக்காரனுக்குச் சோறு போட்ட பாளையம். படை கலைந்த பிறகு கம்பு வித்தைக்கு மிஞ்சியது ஊர்க்காவல், கோயில் கொடை, முளைப்பாரி ஊர்வலம், கல்யாண வீடு. இது என் வாசிப்பு: அரண்மனையை அண்டியிருந்த வித்தை அதற்குப் பிறகு தெருவை அண்டி வாழ வேண்டியதாயிற்று. தெரு என்றால் நம்ம பக்கத்தில் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1882: ஒரு நல்ல பரிந்துரை

1882-ல் வில்லியம் ஹன்டர் தலைமையில் இந்தியக் கல்விக் குழு அமைந்தது. ஆரம்பப் பள்ளி, மானியம் என்று அதில் நிறைய உண்டு. உடற்பயிற்சி பற்றியும் ஒரு பரிந்துரை இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் உடல் வளர்ச்சிக்கு உள்நாட்டு விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், பள்ளி டிரில், அந்தந்தப் பள்ளிக்குப் பொருந்துகிற மற்றப் பயிற்சிகள் ஆகியவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. உள்நாட்டு விளையாட்டைத்தான் முதலில் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடைமுறையில் பள்ளிக்குள் வந்தது டிரில். காரணம் எளிது. ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவரும் ஒரு விசிலும் போதும், இருநூறு பையன்களை ஒரே நேரத்தில் நிறுத்திவிடலாம். சாமான் வேண்டாம், பாட்டு வேண்டாம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நெல்லைச் சீமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நவீனப் பள்ளிகளைப் பெரிய அளவில் கட்டியவை மிஷன்கள். அந்தக் கடனை நாம் மறக்க முடியாது. ஆனால் மிஷனரிகளின் கண்ணில் இந்த மண்ணின் ஆட்டம் கோயிலோடும் சாமியாட்டத்தோடும் ஒட்டியிருந்தது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1849-ல் எழுதிய நூலில் பேயாட்டத்தை விவரமாகவே வர்ணிக்கிறார். அவரைப் பொறுத்தவரை அது விட்டொழிக்க வேண்டிய வழக்கம். ஆட்டம் பள்ளிக்கு வெளியே நின்றதில் ஆச்சரியமில்லை. உள்ளூர் மேல்தட்டும் இதில் மிஷனரிகளோடு சண்டை போடவில்லை. கும்மியும் ஒயிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகாத காரியம் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்கிறேன். 1872-ல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., செய்யுளில் எழுதிய சுயசரிதையில் சிறுவயது விளையாட்டுகளை ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்கிறார். படித்த வழக்கறிஞர், அரசியல் தலைவர், ஆனாலும் தன் உடம்பு எதையெல்லாம் ஆடி வளர்ந்தது என்பதைப் பதிவு செய்யத் தகுந்த விஷயமாக நினைத்திருக்கிறார். நாங்கள் விசிலுக்குக் கை தூக்கியது அவர் பெயர் கொண்ட மைதானத்தில்தான் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

கர்லாக்கட்டை கப்பல் ஏறிய கதை

நம்ம ஊர்ச் சாமான் எதுவுமே டிரில் வகுப்புக்கு வரவில்லையா? ஒன்று வந்தது, சீமை போய்ச் சுற்றிவிட்டு.

மல்யுத்தக்காரர்கள் சுழற்றுகிற கர்லாக்கட்டையை இங்கே பட்டாளத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் பார்த்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் டொனால்ட் வாக்கர் என்பவர் லண்டனில் வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில் அது 'இந்தியன் கிளப்' என்று இடம்பிடித்தது. கனம் குறைந்தது, பாலிஷ் ஏறியது, எண்ணிக்கைக்கு ஏற்றபடி வகுப்பு வந்தது. அமெரிக்காவுக்கும் போனது. 1904-லும் 1932-லும் ஒலிம்பிக்கில் கிளப் சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. அதே கட்டை இந்தியப் பள்ளிகளுக்கும் 'இந்தியன் கிளப் டிரில்' என்று திரும்பி வந்தது.

கோதாவில் ஆளுக்குத் தகுந்த கனத்தில், மூச்சுக்குத் தகுந்த வேகத்தில் சுழன்ற கட்டை, பள்ளியில் ஒரே கனத்தில் விசிலுக்குச் சுழன்றது. பொருள் நம்முடையதுதான், அதை ஆட்டுகிற முறை மாறிவிட்டது. ஒரு மரபு அசைவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தால் அது மரபாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பக் துரையும் சடுகுடுவும்

1919-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்தார். ஒய்.எம்.சி.ஏ.காரர், ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். கூடைப்பந்து பிறந்த இடம் அது. 1920-ல் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இப்போதும் நந்தனத்தில் இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் இவர்தான். பட்டாளத்து டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் வந்தது இந்தக் கல்லூரிக்குப் பிறகுதான். விசிலுக்குக் கை தூக்குவதைவிட விளையாட்டுதான் பிள்ளைகளை வளர்க்கும் என்பது அந்தப் பள்ளியின் கொள்கை. உள்நாட்டு விளையாட்டுகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

இந்தக் காலத்தில்தான் நாடு முழுக்கச் சடுகுடு, ஹுதுது, கபடி என்று பல பெயரில் ஆடியதற்கு ஒரே விதி உருவாகத் தொடங்கியது. கோடு, நேரம், புள்ளி, ஏழு பேர். 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி நுழைந்தது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் மணத்தி கணேசன் இருந்தார். ஆழ்வார்திருநகரி பக்கத்துக்காரர், தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர், 1995-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, சாதி முறுக்கிக்கொண்டு நிற்கும் ஊர்களிலிருந்து ஒரு பையன் மைதானம் வழியாக வெளியே வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஆக, சடுகுடு பள்ளிக்குள் வந்தது. ஏன் அது மட்டும்? அதில் எண்ணலாம். புள்ளி போடலாம், ஜெயித்தவர் யார் என்று சொல்லலாம். எண்ண முடிந்தது 'ஸ்போர்ட்ஸ்' ஆயிற்று. அணிவகுத்துக் காட்ட முடிந்தது 'டிரில்' ஆயிற்று. இரண்டிலும் சேராதது, அதாவது வட்டம் கட்டி ஆடுவதெல்லாம் 'கல்ச்சுரல்ஸ்' என்று மேடைக்குப் போய்விட்டது. என் அக்கா மகளின் கோலாட்டம் டிரெஸ் வாடகையோடு ஏன் வருகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்.

வெளியே நின்றவை

மேடைக்குப் போனவற்றை ஒருமுறை உடற்பயிற்சியாகவே பார்ப்போம்.

கோலாட்டம்: உள் வட்டம், வெளி வட்டம். தன் கோலை ஒருமுறை, எதிரில் நிற்பவர் கோலை ஒருமுறை தட்டி, ஓர் எட்டு நகர்ந்தால் எதிரில் புது ஆள். வட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு எட்டுத் தாளம் என்று வைத்துக்கொண்டால் 96 தாளத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில், எதிர் வட்டத்தில் இருக்கும் அத்தனை பேர் கோலையும் நீங்கள் தொட்டிருப்பீர்கள். என் தொழில் பாஷையில் சொன்னால் டிரில் என்பது பிராட்காஸ்ட்: ஒருவர் அனுப்ப எல்லாரும் வாங்கிக்கொள்வது. கோலாட்டம் பியர்-டு-பியர்: எதிரில் இருப்பவரைக் கண்ணால் பார்த்து, அவர் வேகத்துக்கு உங்கள் வேகத்தைச் சரிசெய்யாவிட்டால் விரலில்தான் விழும்.

கும்மி: சாமானே வேண்டாம். முளைப்பாரியை நடுவில் வைத்து அடிக்கும் கும்மியைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து, நிமிர்ந்து, முன்னே ரெண்டு, பின்னே ரெண்டு என்று ஒரு மணி நேரம் போகும். எங்கள் ஆச்சி எழுபது வயதில் மூச்சு வாங்காமல் அடித்தாள்.

களியல்: குமரி மாவட்டத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் ஆண்கள் ஆடுவது. விளக்கைச் சுற்றி வட்டம், கையில் குறுங்கம்பு. ஆசான் தாளம் போட்டுப் பாடுவார். மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏறும். உட்கார்ந்து அடிப்பது, குதித்து அடிப்பது எல்லாம் உண்டு. அங்கே இந்துக்களும் ஆடுவார்கள், கிறிஸ்தவர்களும் ஆடுவார்கள்.

தேவராட்டம்: கோவில்பட்டிப் பக்கம் ஜமீன் கோடாங்கிபட்டி போன்ற ஊர்களில் ராஜகம்பளத்தார் ஆடுவது. பாட்டு கிடையாது, தேவதுந்துமி என்ற வாத்தியம்தான் பேசும். கையில் துணி, காலில் சலங்கை, முழு வேலையும் பாதத்துக்கு. ஒயிலாட்டம் இதேபோல் கைக்குட்டையோடு வரிசையில் ஆடுவது.

இதையெல்லாம் சொல்லும்போது "நம் மரபு" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அங்கேதான் நிற்கணும். தேவராட்டம் ஒரு சமூகத்துக்குரியது. தீபாவளிக்குப் பிறகு மண்ணில் பசுவும் கன்றும் செய்து வைத்து கோலாட்டம் ஆடி ஆற்றில் கரைக்கும் வழக்கம் தாமிரபரணிக் கரை அக்ரகாரச் சிறுமிகளுடையது. பறை யார் தோளில் சுமத்தப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். களியல் ஆண்களுக்கு, கும்மி பெண்களுக்கு. கம்புக் களத்துக்குத் தெரு உண்டு. நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையிலிருந்து 'ஆராய்ச்சி' இதழை நடத்திய நா. வானமாமலை, நாட்டார் கலையைச் சமூகத்திலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடாது என்பதைத்தான் தன் ஆய்வு முழுக்கக் காட்டினார். பின்னால் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலைத் தனித்துறையாக வளர்த்த தே. லூர்துவும் அந்த வழியில் வந்தவர்தான்.

எனவே ஒரு பி.டி. வாத்தியார் "நம்ம பாரம்பரிய ஆட்டம் ஒண்ணு ஆடுங்கடா" என்று சொன்னால், வகுப்பில் நாற்பது பேருக்கும் அது ஒரே அர்த்தத்தில் கேட்காது. "யாரோட பாரம்பரியம் சார்?" என்று கேட்காமலே நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

வங்காளத்தில் ஒருவர் செய்து பார்த்தார்

இந்தச் சிக்கலோடேயே இதைச் செய்து பார்த்தவர் குருசதய் தத். ஐ.சி.எஸ். அதிகாரி. பீர்பூம் மாவட்டத்தில் ஆட்சியராக இருந்தபோது ராய்பென்ஷே என்ற ஆட்டத்தைப் பார்த்தார். பழைய காலாட்படையின் போர் ஆட்டம் அது. மூங்கில் கம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆடியவர்கள் பாக்தி, பௌரி, டோம் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். படை போய்விட்டது, ஆட்டம் தெருவில் மிஞ்சியிருந்தது. நம்ம கம்பு கதை மாதிரியே இருக்கிறது அல்லவா?

1932-ல் அவர் பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். ராய்பென்ஷேயையும் மற்ற நாட்டுப்புற ஆட்டங்களையும் முகாம் வைத்துப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். படித்த மேல்சாதி ஆசிரியர்கள் தாங்கள் தாழ்வாக நினைத்தவர்களின் ஆட்டத்தைத் தங்கள் உடம்பால் கற்க வேண்டியிருந்தது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கைதட்டிப் பார்ப்பதற்கும் வியர்த்துக் கற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 1941-ல் தத் இறந்தார். மேற்கு வங்கத்தில் பிரதசாரி இன்னும் இருக்கிறது.

எச்சரிக்கை இலங்கையிலிருந்து வருகிறது. கண்டிய நடனம் சுதந்திரத்துக்குப் பிறகு பள்ளிப் பாடமானது, தேசிய அடையாளமும் ஆனது. ஆனால் பரம்பரையாக அதைக் காத்தவர்கள் மேளமடிக்கும் பெரவா சாதியினர். ஆட்டம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த அளவுக்கு அவர்களுக்கு மதிப்பும் வாழ்வும் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அங்கே இன்னும் எழுப்பப்படுகிறது. ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஆசானை வெளியே நிறுத்தினால் அது வேறுவிதமான களவு.

கயிறு கட்டிய கைகள்

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம். நெல்லைப் பக்கப் பள்ளிகளில் பையன்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதைப் பற்றிப் பல வருடங்களாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2019-ல் பள்ளிக் கல்வி இயக்குநரகம் இதைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யணும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று.

கயிற்றை அறுக்கச் சொல்வது சரி. அறுத்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்யும்?

டிரில்லில் நானும் என் நண்பனும் ஏழு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கபடியில் எதிரணியைப் பார்க்கலாம், ஆனால் பிடித்துக் கீழே தள்ளணும். பதற்றமான ஊரில் அதற்கு என்ன விலை என்று பல உடற்கல்வி ஆசிரியர்களுக்குத் தெரியும். வட்டத்து ஆட்டத்தில் மட்டும்தான் யாரும் ஜெயிக்காமல், யாரும் தோற்காமல், எதிரில் இருப்பவன் தவறாமல் அடிக்கணும் என்று நாம் விரும்ப வேண்டியிருக்கிறது. அவன் தப்பினால் என் விரல் போகும். ஒரு கோலாட்டத்தால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. ஆனால் வாரத்தில் நாற்பது நிமிஷம் இந்த வகை அசைவு இருக்கிற பள்ளியும் இல்லாத பள்ளியும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன்.

பதக்கமும் பீரியடும்

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்று சொல்லலாம். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழ்நாடு அரசு அதைச் சேர்த்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் செயல்விளக்க விளையாட்டாக அரங்கேறியது. ஒற்றைக் கம்பு வீச்சு, இரட்டைக் கம்பு வீச்சு, கம்புச் சண்டை என்று பிரிவுகள் வந்துவிட்டன. பெண் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். இது எனக்கு உண்மையான சந்தோஷம். ஆட்டங்களுக்கு 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதுவும் நல்லதே.

ஆனால் கவனியுங்கள், பழைய பிரிவினை அப்படியே இருக்கிறது. கம்பு புள்ளி போட்டு ஸ்போர்ட்ஸ் ஆனது. ஆட்டம் பரிசு கொடுத்து கல்ச்சுரல்ஸ் ஆனது. இரண்டிலும் தேர்வாகிற பத்துப் பேருக்குத்தான் இடம். மீதி முப்பது பேருக்கு உடற்கல்வி பீரியட் என்று ஒன்று உண்டு, அதைக் கணக்கு சார் வாங்கிவிட்டார். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் உள்நாட்டு விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறது (தமிழ்நாடு அதை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம்). 1882-லும் பேசினார்கள். பரிந்துரைக்குப் பஞ்சமே இல்லை.

செய்யக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது மூன்றுதான். ஒன்று, ஆண்டு விழாவுக்கு அல்லாமல் கால அட்டவணையிலேயே, வேஷம் இல்லாமல், வகுப்பு மொத்தமும் ஆடணும். ரெண்டு, வரிசையை யோசித்து அமைக்கணும். "பதற்றமான பள்ளியில் பசங்க கையில கம்பைக் கொடுக்கவா?" என்று தலைமையாசிரியர் கேட்பார், நியாயமான கேள்விதான். முதலில் சாமானே இல்லாத கும்மி, அடுத்தது குறுங்கோல், பிறகு சிலம்பத்தின் வெறும் காலடி. நெடுங்கம்பு கடைசியில், பயிற்சி பெற்றவர் முன்னிலையில். ஆண்களுக்குக் கும்மியும் பெண்களுக்குக் களியலும் உண்டு என்பது முதல் நாளே தெளிவாகணும். மூன்று, ஆசான்களுக்குச் சம்பளம். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், கணினி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் அமர்த்தினார்கள். அவர்கள் படுகிற பாடு தெரிந்ததே, அதேபோல் இன்னொன்று வேண்டாம். ஆனால் வெளியாட்களைப் பள்ளிக்குள் அழைக்க வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வாத்தியார் சொன்னது

கொடை முடிந்த மறுநாள் எங்கள் கம்பு வாத்தியாரைப் பார்க்கப் போனேன். எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம், பேச்சு தெளிவு. அவரிடம் படித்த ஒருவர் இப்போது ஊருக்கு வெளியே ரோட்டோரத்தில் பயிற்சி நடத்துகிறார். எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்கள், பாதிக்கு மேல் பெண் குழந்தைகள். மாதக் கட்டணம் உண்டு, கட்ட முடிந்தவர்கள் வருகிறார்கள்.

முப்பது வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன். "வாத்தியாரய்யா, அன்னைக்கு என்கூட ஒருத்தன் வருவானே, வரப்புல நிப்பான். அவனுக்கு ஏன் சொல்லித் தரல?"

ரொம்ப நேரம் பேசவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

"பாத்திருக்கேன்டே. அவன் காலு நல்ல காலு. களம் என்னுதா இருந்தா உள்ள வான்னு கூப்பிட்டிருப்பேன். களம் தெருவோடது. பள்ளிக்கூடத்துல கூப்பிட்டிருந்தாவோன்னா அங்க வந்து ரெண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பேன். யாரு கூப்பிட்டா?"

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சமாதானம் என்று எனக்குத் தெரியாது. அவரும் அந்தத் தெருக்காரர்தான், நானும்தான். களத்துக்குள் நின்றுகொண்டு வரப்பைப் பார்க்காமல் இருந்ததில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயத்தை மறுக்க முடியவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத வெட்டவெளி என்று இருந்தது பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான்.

ராத்திரி நண்பனுக்குப் போன் செய்தேன். திருப்பூரில் இருக்கிறான். வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். சிரித்தான்.

"அந்த நாலு காலடியும் இன்னும் ஞாபகம் இருக்குல. மொட்டை மாடியில எப்பவாச்சும் போட்டுப் பாப்பேன். ஆனா எதுத்தாப்ல ஒரு ஆளு நின்னு ஒரு தடவகூட ஆடினதில்ல."

அடுத்த வாரம் அக்கா மகளின் பள்ளிக்குப் போய் உடற்கல்வி ஆசிரியரைப் பார்ப்பதாக இருக்கிறேன். கேட்கப்போவது ஒன்றே ஒன்று: வாரத்தில் ஒரு பீரியட், டிரெஸ் இல்லாத கோலாட்டம், வகுப்பு மொத்தமும். கணக்கு சாரிடம் பேசுவதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். 96 தாளக் கணக்கை அவரிடமே கொடுத்துவிடலாம்.